வாசிக்காத நேரத்து மின்சாரம்

"என் ஆம்ப் எரிஞ்சு போகுது, டீச்சர்" என்றார் கொரேரா மாஸ்டர்.

"எப்போ எரியுது?"

"நான் வாசிக்கும்போது."

"வாசிக்காதபோது?"

"அதை யார் பார்த்தா?"

பேராச்சி டீச்சர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார்.

"அப்போ நீங்க பாதிதான் பார்த்திருக்கிய."

லெயோன் கொரேரா அறுபதைத் தாண்டியவர். தூத்துக்குடியில் கிட்டார் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேறிடம் போய்க் கற்றவர்கள். ஆகவே அவர் எல்லோருக்கும் மாஸ்டர்.

பேராச்சி, மாஸ்டருடைய மூத்த மகளைவிட இளையவர். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதை விட்டுவிட்டு, ஐஸ் பாக்டரியை ஒட்டிய பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். அவர் வேலையை விட்டார். வேலை தந்த பெயர் அவரை விடவில்லை. ஊருக்கு அவர் டீச்சர்தான்.

மாஸ்டர் என்று அழைக்கப்படும் ஒருவர் டீச்சர் என்று அழைக்கப்படும் ஒருவரிடம் போய் நிற்பது எளிதன்று. கொரேரா மாஸ்டர் தெருமுனை வரை போய், யாருக்காகவோ காத்திருப்பவர்போல் நின்று, திரும்பி வந்துதான் உள்ளே நுழைந்தார்.

அவர் கொண்டுவந்த பெட்டி, கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. வால்வு வைத்த ஆம்ப். பின்பக்கம் இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள் அருகருகே நிற்கும். உள்ளே இருக்கும் இழை விளக்குத் திரிபோல் ஒளிர்வது இயல்பு. அதைச் சூழ்ந்த கறுப்புத் தகடு சிவப்பது இயல்பன்று.

மாஸ்டருடைய ஆம்பில் தகடு சிவந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"முதல்ல, மெல்லிசா வாசிச்சா கரகரன்னு கேட்டுது. சோத்துல மணல் கெடந்த மாதிரி. ஓங்கி வாசிச்சா ஒண்ணும் தெரியாது."

"பெறகு?"

"உள்ள ரெண்டு திருகு இருக்கு, திருப்பிப் பாருங்கன்னு ஒருத்தன் சொன்னான். திருப்பினேன். மணல் போச்சு. ஒலி பாலாடை மாதிரி வந்துது. இன்னுங் கொஞ்சம் திருப்பினேன்."

"ஏன்?"

"நல்லா இருந்துது. நல்லா இருந்தா இன்னுங் கொஞ்சம்னு மனுசனுக்குத் தோணாதா?"

"பெறகு?"

"மேடையில வச்சுத் தகடு செவந்துட்டு. ஒரு ஜோடி போச்சு. புது ஜோடி போட்டேன், அதுவும் போச்சு. இப்போ உள்ள நிக்கிறதுதான் கைவசம் இருக்கிற கடைசி ஜோடி."

டீச்சர் பெட்டியைத் தொடவில்லை.

"அவசரமா?"

மாஸ்டர் பெட்டியின்மேல் கையை வைத்தார். பிறகு தம் தங்கை டெல்பினைப் பற்றிச் சொன்னார். டெல்பின் பாவாடை கட்டிய வயதிலிருந்து அவர் வாசிக்க, அவள் பாடுகிறாள். மாதா கோவில் திருவிழாவில் இரண்டு மாலை கச்சேரி. ஒத்திகையின்போது அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, செருப்பைப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள்: "முதல் நாள் பாடுதேன், சாமியாருக்கு வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டாம் நாள் நீங்க யாரோ, நான் யாரோ."

"காரணம்?" என்றார் டீச்சர்.

"இந்த ஆம்ப்தான்."

"அப்படின்னு தங்கச்சி சொன்னாவளா?"

"'உங்க பக்கத்துல நின்னு பாட முடியல'ன்னு சொன்னா. என் பக்கத்துல நிக்கிறது இந்த ஆம்ப்தானே?"

டீச்சர் சிரிக்கவில்லை. ஐஸ் பாக்டரியில் யாரோ ஐஸ் பாளத்தை உடைக்கும் ஓசை சுவரைத் தாண்டி வந்தது.

டெல்பின் போய்விட்டால் தம்மிடம் என்ன மிஞ்சும் என்பதை மாஸ்டர் அறிவார். கிட்டார் மிஞ்சும். அதைக் கேட்க ஆள் மிஞ்சாது. அவருடைய கிட்டாரை அவளுடைய குரலோடு சேர்த்துத்தான் ஊர் பொறுத்துக்கொண்டிருந்தது.

"சரி பண்ணித் தாங்க, டீச்சர்."

"நான் பண்ண மாட்டேன். நீங்க பண்ணுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"நான் பண்ணித்தானே கெட்டுது?"

"அதனாலதான். நாளைக்கு வாங்க. கிட்டார் வேண்டாம்."

மறுநாள் மாஸ்டர் கிட்டாரோடு வந்தார்.

"கிட்டார் வெளியே" என்றார் டீச்சர்.

"ஒலியைச் சரி பண்ண ஒலி வேண்டாமா?"

"வேண்டாம்."

"கல்யாணத்துக்கு வந்துட்டுப் பொண்ணை வாசல்ல நிறுத்துன மாதிரியிலா இருக்கு."

"நிக்கட்டும். வெயில் படாம வைங்க."

மாஸ்டர் கிட்டாரைக் கதவுக்கு வெளியே நிழலில் சாய்த்துவைத்துவிட்டு வந்தார். கையில் அது இல்லாதபோது அவருக்கு உடம்பில் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது.

டீச்சர் ஆம்பின் பின்பலகையைக் கழற்றிவைத்திருந்தார். ஒலிபெருக்கி இணைக்கப்பட்டிருந்தது. வால்வுகளின் காலடியிலிருந்து இரண்டு கம்பிகள் வந்து, முள் வைத்த இரண்டு மீட்டர்களில் சேர்ந்தன. ஒரு வால்வுக்கு ஒரு மீட்டர். ஒரு வால்வுக்கு ஒரு திருகு.

"இடது கையைப் பையில போடுங்க."

மாஸ்டர் வேட்டியில் இருந்தார்.

"அப்போ முதுகுக்குப் பின்னால மடிச்சுக் கட்டுங்க."

"எதுக்கு?"

"உள்ள நானூறு வோல்ட்டுக்கு மேல நிக்குது. ரெண்டு கையையும் உள்ள விட்டா, அது ஒரு கை வழியா ஏறி மறு கை வழியா இறங்கும். போற வழியில நெஞ்சு இருக்கு."

"அணைச்சுட்டா?"

"அணைச்ச பெறகும் நிக்கும். அணைஞ்சதெல்லாம் ஓய்ஞ்சதுன்னு நினைச்சிராதிய."

நாற்பது ஆண்டுகளாகக் கிட்டார் நரம்புகளின்மேல் ஓடிக்கொண்டிருந்த இடது கை, முதுகுக்குப் பின்னால் போய் முடங்கியது. பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்ற பையனைப்போல் தாம் நிற்பதாக மாஸ்டருக்குப் பட்டது. டீச்சர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆம்ப் உயிர்பெற்றது. முட்கள் மெல்ல எழுந்தன.

"இப்போ என்ன?"

"இப்போ ஒண்ணுமில்ல. சூடாகட்டும்."

மாஸ்டர் வலது கை விரல்களால் மேசையில் தாளம் போட்டார்.

"விரல்" என்றார் டீச்சர்.

விரல்கள் நின்றன. சற்று நேரத்தில் பாதம் ஆடத் தொடங்கியது.

"கால்."

காலும் நின்றது. சற்று நேரம் சென்றபின், மூக்கிலிருந்து ஒரு மெட்டு கசிந்தது. டீச்சர் இம்முறை ஒன்றும் சொல்லாமல் அவரைப் பார்த்தார். மெட்டும் நின்றது.

"யாரும் வாசிக்கல" என்றார் மாஸ்டர். "கிட்டார் வெளிய கெடக்கு. அப்புறமும் முள்ளு நிக்குதே. எதைக் காட்டுது?"

"நீங்க வாசிக்காத நேரத்துல வால்வு எவ்வளவு குடிக்குதுன்னு காட்டுது. அதைத்தான் அந்தத் திருகு கூட்டும், குறைக்கும். முப்பத்தஞ்சுல நிறுத்துங்க."

மாஸ்டர் வலது கையால் முதல் திருகைத் திருப்பினார். முள் முப்பத்தைந்துக்கு வந்தது.

"ஆச்சு."

"இருங்க."

முள் தானாக ஏறி நாற்பதைத் தொட்டது. அவர் குறைத்தார். பிறகு இரண்டாம் திருகைத் திருப்பி, இரண்டாம் முள்ளை முப்பத்தைந்தில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தால், முதல் முள் இடம் மாறியிருந்தது.

"இது என்ன கூத்து? அதை நான் தொடவே இல்லையே."

"ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்குது."

மாஸ்டர் முதலாவதைத் திருத்தினார், இரண்டாவது நகர்ந்தது. இரண்டாவதைத் திருத்தினார், முதலாவது நகர்ந்தது. அவருடைய பொறுமை இந்த அளவுக்குப் பழக்கப்பட்டதன்று. மாணவன் ஒருவன் இரண்டாம் முறை தவறு செய்தாலே எழுந்து போகச் சொல்பவர் அவர். இங்கே எழுந்து போகச் சொல்வதற்கு ஆள் இல்லை.

அப்போது சுவருக்கு அப்பால் ஐஸ் பாக்டரியின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியது. விளக்கு மங்கியது. இரண்டு முட்களும் ஒருசேரச் சரிந்தன.

மாஸ்டரின் கை திருகுக்குப் போயிற்று. டீச்சர் ஒரு மர அளவுகோலை அந்தக் கைக்கும் திருகுக்கும் நடுவில் நீட்டினார்.

"என்ன ஆச்சு?"

"முள்ளு இறங்கிட்டு."

"யாரால?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். மோட்டார் ஓடி ஓய்ந்தது. விளக்கு தெளிந்தது. முட்கள், எவரும் தொடாமலே, பழைய இடத்துக்கு ஏறின.

மாஸ்டருடைய வீடு அதே ஐஸ் பாக்டரியின் மறுபக்கத்தில் இருந்தது. திருகைத் திருப்பிய மாலைகளில் தம் வீட்டு விளக்குகளும் இப்படித்தான் மங்கி எரிந்தன என்பது அவருக்கு நினைவு வந்தது. மேடையில் ஐஸ் பாக்டரி இல்லை. மேடையில் ஜெனரேட்டர். அது முழு மின்சாரத்தையும் வாரிக் கொடுக்கும்.

"அப்போ நான் வீட்டுல சரியாத்தானே வச்சேன்?"

"ஐஸ் பாக்டரிக்குச் சரியா வச்சிய."

டீச்சர் எழுந்து, மேசையின் ஓரத்திலிருந்த பெட்டி ஒன்றின் குமிழைத் திருப்பி, ஜெனரேட்டர் கொடுக்கும் அளவுக்கு மின்சாரத்தை உயர்த்தி நிலைநிறுத்தினார்.

"இதுல வச்சுப் பண்ணுங்க. நான் உள்ள போயிட்டு வருதேன். வர்ற வரைக்கும் ரெண்டையும் முப்பத்தஞ்சுல விட்டுட்டு, எதையும் தொடாம இருங்க."

மாஸ்டர் இரண்டு முட்களையும் ஒருவாறு நிறுத்தினார். அவை நின்றன. அவரும் நின்றார். கிட்டங்கியின் ஓட்டு இடுக்கில் புறா ஒன்று சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று. டீச்சர் வரவில்லை.

அவர் குனிந்து, முதல் திருகை ஒரு நூலளவு கூட்டினார். இரண்டாவதையும் கூட்டினார்.

டீச்சர் வந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஒரு நூல்."

"ஏன்?"

"நல்லா இருக்கட்டுமேன்னு."

"கிட்டார் வாசல்ல நிக்குது. நல்லா இருக்கா இல்லையான்னு உங்களுக்கு எது சொல்லிச்சு?"

மாஸ்டர் மறுபடி குனிந்தார். ஒரு நூலைக் குறைத்தார். ஆனால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் தர்க்கம் பேசுவார்.

"ஒண்ணு கேக்குதேன், டீச்சர். நான் வாசிக்கும்போது குடிக்கட்டும், நியாயம். வாசிக்காதபோது எதுக்குக் குடிக்கணும்? வேலை இல்லாதவனுக்கு எதுக்குச் சோறு? பூஜ்யத்துல வச்சா வால்வும் பிழைக்கும், கரண்டும் மிஞ்சும்."

"வைங்க" என்றார் டீச்சர்.

மாஸ்டர் இரண்டையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"இப்போ கிட்டாரை எடுத்துட்டு வாங்க."

அவர் ஏறக்குறைய ஓடினார். கிட்டாரை மாட்டி, ஒற்றை நரம்பை மெல்லத் தட்டினார்.

மணல்.

ஓங்கி அடித்தார். மணல் மறைந்தது. மறுபடி மெல்லத் தட்டினார். மணல் அங்கேயே இருந்தது.

"உரக்கப் பேசினா ஒளிஞ்சுக்கிடுது" என்றார் மாஸ்டர்.

"ஆமா. இப்போ உங்க வழக்கம்போல வைங்க."

அவர் கூட்டினார். பாலாடைபோல் ஒலி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் அவர் தோளைத் தட்டி, வால்வைக் காட்டினார். கறுப்புத் தகட்டின் நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு படரத் தொடங்கியிருந்தது.

"அணைங்க. கிட்டார் வெளியே."

வெளியே வைத்துவிட்டு வந்த மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். வயது தெரிந்தது.

"எதுக்கு ரெண்டு வால்வு?" என்று கேட்டார் டீச்சர்.

"அது எனக்குத் தெரியும். நரம்பு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதுல்லா? அங்கிட்டுப் போறதை ஒண்ணு தூக்கும். இங்கிட்டு வர்றதை மத்தது தூக்கும்."

"ஒண்ணு தூக்கும்போது மத்தது என்ன செய்யும்?"

"சும்மா இருக்கும்."

"கை மாறுற இடத்துல?"

"கை மாறுற இடத்துலன்னா?"

டீச்சர் விளக்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து, ஒரு கண்ணாடிக் கிளாசில் தேநீர் ஊற்றி நீட்டினார். மாஸ்டர் வால்வைப் பார்த்துக்கொண்டே, மறுபக்கம் திரும்பியபடி கையை நீட்டினார். கை வந்து சேர்வதற்குள் டீச்சர் விட்டுவிட்டார். கிளாஸ் சிமென்ட்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

"என்ன டீச்சர், நான் வாங்குறதுக்குள்ள விட்டுட்டிய?"

டீச்சர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு கிளாசில் ஊற்றி நீட்டினார். மாஸ்டர் இம்முறை ஐந்து விரலாலும் இறுகப் பிடித்தார். டீச்சர் விடவில்லை. மாஸ்டர் இழுத்தார். டீச்சரும் பிடித்துக்கொண்டே நின்றார். தேநீர் தளும்பி இருவர் விரல்களிலும் வழிந்தது.

"விடுங்க, சுடுது."

"எனக்கும்தான் சுடுது."

"ரெண்டு பேரும் பிடிச்சா எப்படிக் குடிக்கிறது?"

டீச்சர் வால்வுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கிளாசை வாங்கிக் கீழே வைத்தார். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மூன்றாவது கிளாசில் ஊற்றினார்.

மாஸ்டர் கிளாசைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். தம் கையை மெல்லக் கொண்டுபோனார்.

கிளாஸ் அவரிடம் வந்திருந்தது. எந்தக் கணத்தில் வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அவர் அதைக் குடித்துக்கொண்டே, உடைந்த கிளாசையும் தளும்பிய கிளாசையும் அருகருகே நின்ற இரண்டு வால்வுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் எழுந்து, எவரும் சொல்லாமலே, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டார். ஆம்பைப் போட்டார். காத்திருந்தார். முதலாவதைச் சிறிது திருப்பி, இரண்டாவதைப் பார்த்தார். இரண்டாவதைச் சிறிது திருப்பி, முதலாவதைப் பார்த்தார். திருப்பிய நேரம் குறைவு. பார்த்த நேரம் மிகுதி. டீச்சர் ஒரு பழைய ரேடியோவை எடுத்துவைத்துக்கொண்டு தம் வேலையில் ஆழ்ந்தார்.

வெயில் சாய்ந்தபோது இரண்டு முட்களும் அசையாமல் நின்றன. மாஸ்டரும் அப்படித்தான் நின்றார்.

"அண்ணே" என்று வாசலில் குரல் கேட்டது.

டெல்பின் ஒரு கையில் குடையும் மறுகையில் அவருடைய கிட்டாரும் வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பதை எட்டியவள், பார்வையில் எதையும் தப்பவிடாதவள்.

"கிட்டாரை வாசல்ல போட்டுட்டு உள்ள என்ன செய்யுதிய? நான் பயந்துட்டேன்."

"டீச்சர் வெளிய வைக்கச் சொன்னாவ."

"நீங்களும் வச்சியளா?" என்று டெல்பின் கேட்டாள். டீச்சரை ஒரு புதிய மரியாதையோடு பார்த்தாள்.

டீச்சர் ரேடியோவிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"நீங்க பாடும்போது அண்ணன் என்ன செய்வாவ?"

"அவியளை வச்சுக்கிட்டேவா சொல்லணும்?"

"சொல்லுங்க."

"ஒண்ணு, என் குரலுக்கு மேல ஏறி வாசிப்பாவ. இல்லேன்னா, தபேலாக்காரன்கிட்ட மணி கேப்பாவ."

"மணி கேட்டது ஒரே ஒரு தடவை" என்றார் மாஸ்டர்.

"ஆமா. ஒவ்வொரு பாட்டுலயும் ஒரே ஒரு தடவை."

மாஸ்டர் விடை சொல்ல வாய் திறந்தார். அவர் பார்வை மீட்டர்களின்மேல் விழுந்தது. முட்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவர் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து வந்து மீட்டர்களைப் பார்த்தார். ஆம்பை அணைத்தார். சற்றுப் பொறுத்து, கம்பிகளைக் கழற்றி, பின்பலகையை மாட்டித் திருகினார்.

"எடுத்துட்டுப் போங்க."

"எத்தனை நாள் தாங்கும், டீச்சர்?"

"வாசிக்காத நேரத்துல பாருங்க. தெரியும்."

டெல்பின் குடையை விரித்தாள். "ஆம்ப் சரியானா எனக்கென்ன? நான் சொன்னது சொன்னதுதான். ஒரு நாள்தான் பாடுவேன்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமலிருப்பதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

திருவிழாவின் முதல் மாலை. கோவில் முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கடற்காற்று டெல்பினுடைய சேலைத் தலைப்பை இழுத்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாஸ்டர் ஆம்பைப் போட்டுவிட்டு, கிட்டாரைத் தொடாமல் நின்றார்.

"சுருதி பாக்கலியா, மாஸ்டர்?" என்றான் தபேலாக்காரன்.

"சூடாகட்டும்."

பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பெரிய ஓசைப் பாட்டுகளில் எவருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. முன்வரிசையில் சாமியார் தாளம் தவறித் தலையாட்டினார்.

கடைசியாக மாதாவைப் பற்றிய அந்தப் பாட்டு வந்தது. நடுவில் கிட்டார் ஓய்ந்துவிடும். டெல்பின் மட்டும் நான்கு அடிகள் பாடவேண்டும். நான்காம் அடியின் முடிவு மூச்சுக்குள் இறங்கி மறையும். அங்கே கிட்டார் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆண்டாண்டாக அவர் ஓங்கி அடித்து நுழைந்த இடம் அது.

டெல்பின் பாடத் தொடங்கினாள்.

மாஸ்டருடைய வலது கை நரம்புக்கு மேலே ஒரு விரலளவு உயரத்தில் நின்றது. இடது கை நரம்புகளின்மேல் அழுத்தாமல் கிடந்தது. பழக்கத்தின் காரணமாகத் தபேலாக்காரன் மணிக்கட்டைத் திருப்பி, கைக்கடிகாரத்தை அவர் பக்கம் நீட்டினான்.

மாஸ்டர் பார்க்கவில்லை.

இரண்டாம் அடியில் அவள் ஒரு சொல்லை வழக்கத்தைவிட நீட்டினாள். மூன்றாம் அடிக்கு முன்னால் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றாள். அந்த இடைவெளியில் வாசலில் ஒரு குழந்தை இருமியது கேட்டது. மாஸ்டர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோள் எழுந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வால்வுகளின் கறுப்புத் தகடுகள் கறுப்பாகவே இருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் அடி இறங்கியது. குரல் மெலிந்தது. எங்கோ அது நின்றிருக்கவேண்டும்; எங்கோ நரம்பு தொடங்கியிருக்கவேண்டும். முற்றத்தில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஒரே நீளத்தில் ஏதோ போய்க்கொண்டிருந்தது.

கச்சேரி முடிந்தது. மக்கள் கலைந்தார்கள். தபேலாக்காரன் உறையைக் கட்டினான். மாஸ்டர் ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார். மறுநாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்ததை அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்.

டெல்பின் மேடைப் படியில் இறங்கிப் பாதி வழியில் நின்றாள்.

"அண்ணே."

"என்ன?"

"நடுவுல நான் தனியாப் பாடும்போது, நீங்க என்ன வாசிச்சிய?"

"ஒண்ணும் வாசிக்கலையே."

டெல்பின் சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்து உதறினாள். மிச்சப் படிகளில் இறங்கினாள்.

"நாளைக்கும் அதையே வாசிங்க."